இரவல் கடிகாரம்

சட்டையின் ஒரு கையைத் தேய்த்து முடிப்பதற்குள் கைபேசி இரண்டு முறை முனகியது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி எது என்று அவருடைய வயிற்றுக்கே தெரியும்.

"கல்யாணத்துக்கா போறீங்க?" என்றாள் மனைவி, பாத்திரம் கழுவியபடியே.

"பேங்க்குக்கு. கசங்கின சட்டையோட போனா எவன் மதிப்பான்?"

"போறது பிடிச்ச பணத்தைத் திருப்பிக் கேக்க. அதுக்கு எங்க அண்ணன் ஷூ, எங்க அண்ணன் வாட்ச். மிச்சம் அண்ணன் மட்டும்தான், அவரையும் மாட்டிக்கிட்டுப் போங்க."

அவர் சட்டையின் மறு கையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்ததில் மூன்று மாதமாக வேலை கிடையாது. வேனுக்கு வாங்கிய கடனின் தவணையை வங்கி மாதாமாதம் அவர் கணக்கில் தேடியது. கிடைக்காதபோதெல்லாம், கிடைக்காததற்காக ஓர் அபராதம் போட்டது. இல்லாதவனிடம் 'ஏன் இல்லை' என்று கேட்டு, கேட்டதற்கும் காசு வாங்குகிற ஏற்பாடு அது. அவர் செய்ததெல்லாம், வந்த செய்திகளை மனைவி பார்க்குமுன் அழித்ததுதான். விஷயம் தெரியாத அவள், மகளின் பரீட்சைக் கட்டணத்தைப் பத்திரமாக இருக்கட்டுமென்று அதே கணக்கில் போட்டாள். மறுநாள் வங்கி அதை அபராதத்துக்கு எடுத்துக்கொள்ள, கணக்கு துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. கட்டணம் கட்ட இன்று மதியம்வரைதான் நேரம். தவறினால் மகளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

வங்கி வாசலில் காவலாளி எழுந்து கதவைத் திறந்துவிட்டார். தேய்த்த சட்டை வேலை செய்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டது. ஓர் அதிகாரி அம்மாள் அவரை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பளபளவென்று ஒரு தாளை விரித்தார்.

"டெபாசிட்தானே சார்? மூணு வருஷத்துக்குப் போட்டீங்கன்னா வட்டி நல்லா வரும்."

'இல்லம்மா, நான் அபராதத்தைத் திருப்பிக் கேக்க வந்தேன்' என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. மதிப்பாகப் பேசுகிற முகத்துக்கு முன்னால் அதை எப்படித் துப்புவது?

"மூணு வருஷம் கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்று தானே சொல்வதைத் தானே கேட்டார்.

"அப்ப ரெண்டு வருஷம் பாக்கலாமா சார்?"

மச்சானின் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால் என்றது. உயிர் ஒரு கணம் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுகூட ஆகவில்லை. கையிலிருந்தது ஓடாத கடிகாரம். மச்சானும் ஊருக்காகத்தான் கட்டியிருக்கிறார். சட்டைப் பையைத் தடவினால், கை முறிந்ததற்குக் காட்ட எடுத்துவைத்த டாக்டர் சான்றிதழும் இல்லை.

அப்போதுதான் மனைவி உள்ளே வந்தாள். ஈரக்கை. ஒரு காலில் தன் செருப்பு, மறுகாலில் மகளுடையது.

"ஏங்க, தேய்க்கிற துணிக்கு அடியிலயே சர்ட்டிபிகேட்டை வெச்சுட்டு வந்துட்டீங்க." பளபளத் தாளைப் பார்த்தாள். "இது என்ன?"

அவர் ஷூவைப் பார்த்தார்.

அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "மேடம், போட இவர்கிட்ட ஒண்ணும் இல்ல. கை உடைஞ்சு மூணு மாசமா வீட்டுல இருக்கார். பொண்ணு பரீட்சைக்கு வெச்ச பணத்தையும் அபராதம்னு எடுத்துட்டீங்க. அதைக் கேக்கத்தான் வந்தார். வாட்ச்சைப் பாத்து ஏமாறாதீங்க, அது ஓடியே ரெண்டு வருஷமாச்சு."

அதிகாரி சிரிக்கவில்லை. பளபளத் தாளை மடித்து வைத்துவிட்டுச் சான்றிதழை வாங்கிப் படித்தார்.

"சார், இதை முதல் மாசமே சொல்லியிருந்தா தவணையைத் தள்ளி வெச்சிருக்கலாம். இதுல பெரும்பாலான அபராதம் விழுந்தே இருக்காது." குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது. "கடைசி ரெண்டு மாச அபராதத்தை மேனேஜர் இன்னிக்கே திருப்பிக் குடுக்கலாம், கேட்டுட்டு வரேன். மீதிக்கு மேலிடத்துக்கு எழுதிக் குடுங்க. வரும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

மேனேஜர் அறைக் கதவு மூடியது. திறப்பதற்குள் மெக்கானிக் தண்ணீர் டம்ளரை மூன்று முறை எடுத்து, குடிக்காமலே வைத்தார். திரும்பி வந்த அதிகாரி தலையசைத்தார். மனைவியின் பர்ஸிலிருந்த சில்லறையையும் சேர்த்தால் கட்டணம் தேறும். பணத்தை வாங்கியதும் அவள் ஜோடி சேராத செருப்போடு பள்ளிக்கு ஓடினாள்.

மீதிக்கு மனு எழுத உட்கார்ந்தார். 'கஷ்டத்தில் இருக்கிறேன்' என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு எழுதினார். எழுதி முடித்தபோது, அவள் கைபேசியில் கூப்பிட்டாள். "கட்டியாச்சுங்க."

வெளியே வரும்போது வாசலில் ஒருவர் நின்றார். கத்தி மாதிரி மடிப்பு வைத்த சட்டை, தூக்கலான சென்ட், கையில் வியர்வையில் நனைந்த ஒரு வங்கிக் கடிதம். உள்ளே போவதா, வீட்டுக்கே திரும்புவதா என்ற பார்வை. மெக்கானிக்குக் கண்ணாடியைப் பார்ப்பது போலிருந்தது.

கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"அபராதமா அண்ணே? உள்ள போனதும் முதல்ல கஷ்டத்தைச் சொல்லிடுங்க. கஷ்டம் வந்தது நம்ம தப்பு இல்ல, நம்ம பணத்தைத் திருப்பிக் கேக்கறது பிச்சையும் இல்ல. கௌரவம்னு நினைச்சு மூணு மாசம் மறைச்சேன். பேங்க் போட்ட அபராதத்துல பெரும்பகுதி, அந்தக் கௌரவத்துக்கு நான் கட்டின வாடகை."