வாழைக்குக் கட்டாத தாலி

அமிர்தலிங்கம் செத்த சேதியை நாகூருக்குக் கொண்டுவந்தவர் அல்லா பிச்சை. கீழ்வேளூரில் வெற்றிலைக் கடை வைத்திருப்பவர். கேட்டதும் செத்தவரின் மனைவி காளியம்மாள் மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மகள் தையல்நாயகிக்கு அழுகைக்கு முன்னால் கேள்விதான் வந்தது. அப்பா வேதாரண்யம் உப்பளத்தில் அல்லவா வேலை பார்த்தார்? கீழ்வேளூர் பக்கம் எப்படிச் செத்தார்?

பஸ்ஸில் போகும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். இருபத்து நாலு வருஷமாக அடைத்து வைத்திருந்த பேச்சு. அப்பா உப்பளத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. துரைராசு மிராசுதார் பண்ணையில் காரியம் பார்ப்பவர். வாரத்தில் ஒருநாள் நாகூரில் குடும்பஸ்தர். மீதி ஆறு நாளும் அங்கே கல்யாணமே ஆகாத ஒண்டிக்கட்டை. மீன்காரியைக் கட்டியது தெரிந்தால் பங்காளிகள் வெட்டிப்போடுவார்கள் என்று பயம். மேடை போட்டு, மைக் கட்டி, மாலை மாற்றிக்கொண்ட கல்யாணத்தைச் சொந்த ஊருக்கு மறைத்த சூரர்!

"உச்சவரம்புச் சட்டம் வந்துச்சுல்லம்மா," என்றார் முன் சீட்டிலிருந்து அல்லா பிச்சை, அந்த ஊர்ப் பக்கம் இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள். "அளவுக்கு மேல நிலம் வச்சுக்கக் கூடாதுன்னாங்க. மிராசு அஞ்சு ஏக்கரை உங்கப்பா பேருக்கு மாத்திட்டாரு. புள்ளகுட்டி இல்லாத ஆளு, நாளைக்கு யாரு வந்து கேக்கப்போறான்னு நெனப்பு."

தையல்நாயகிக்கு நிலம் மனசில் ஏறவில்லை. வாரத்தில் ஆறு நாள் என்னை இல்லை என்று சொல்லித் திரிந்தாரே என்பதுதான் நெஞ்சைக் குடைந்தது. செத்தாலும் விடமாட்டேன், இன்றைக்கு ஊர் அறிய அவருக்கு மகளாகத்தான் நிற்பேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பண்ணை மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்த வாழைக்கன்று ஒன்று, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து. கல்யாணம் ஆகாமல் செத்தவரை அப்படியே எரிப்பது அந்த ஊரில் ஆகாது. பிணத்தின் கையைத் தொடவைத்து வாழைக்குத் தாலி கட்டிய பிறகுதான் பாடை நகரும். நாவிதர் முருகையன் மஞ்சள் கயிற்றை எடுத்து அப்பாவின் விரல்களுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" தையல்நாயகி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே புகுந்தாள். "எங்கப்பாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. பொண்டாட்டி இந்தா நிக்கிறாங்க."

பறை நின்றது. சாவைப் பதிய வந்திருந்த ஊர் அதிகாரி பட்டாமணியம் நிமிர்ந்து பார்த்தார். துரைராசு காளியம்மாளை மேலும் கீழும் பார்த்தார். "கழுத்துல தாலியைக் காணுமே?"

"மாலை மாத்தின சுயமரியாதைக் கல்யாணம். அது செல்லும்னு சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க பேப்பர் படிக்கிறதில்லீங்களா?"

அம்மா மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்த கல்யாணப் போட்டோவை வாங்கித் தூக்கிக் காட்டினாள். மாலையும் கழுத்துமாக இளவயது அமிர்தலிங்கம் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

மிராசுதார் முகம் கறுத்துப்போனது. அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "இந்தா பாரு, சேத்துக்கிட்டவ மகள்னு சொல்லி அழுதுட்டுப் போ, யாரும் தடுக்கல. பொண்டாட்டி, புள்ளைங்கிற பேச்செல்லாம் வேணாம். அந்த நிலம் என்னுது."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நிலம் உங்களுதா? அப்ப இங்க வந்து சொல்லுங்க. பட்டாமணியம் இருக்காரு, ஊரே இருக்கு. சர்க்காரை ஏமாத்தி எங்கப்பா பேருல ஒளிச்சு வச்சேன்னு சத்தமாச் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் இப்பவே பஸ் ஏறிடுறேன்."

சொன்னால் நிலம் சர்க்காருக்குப் போய்விடும். இருபது வேலி நிலத்தை ஆண்ட வீட்டுப் பிள்ளை மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார். முருகையன் கயிற்றைக் கீழே வைத்தார். காளியம்மாள் போய்ப் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, அந்த ஊர் கேட்க ஒப்பாரி வைத்தாள்.

தையல்நாயகி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் தீரவில்லை. "பயந்தாங்கொள்ளி," என்றாள் மெல்ல. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

பட்டாமணியம் இராஜாங்கம் சாவுப் பதிவு நோட்டைப் பிரித்தார். பெயரையும் வயதையும் எழுதினார். "சொந்தக்காரங்க யாருன்னு எழுதறது?" என்று இழுத்தபடி, பழக்கதோஷத்தில் மிராசுதாரின் முகத்தைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை?" என்றாள் தையல்நாயகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "செத்தது எங்கப்பா. என்கிட்ட கேளுங்க."