தலைவர் பெயருக்கு எத்தனை ஹேஷ்?

பௌர்ணமிக்கு ஒரு நாள்தான் இருந்தது. கிரிவலம் வருகிறவர்கள் செல்போனில் பார்க்க ஒரு வழிகாட்டி வேண்டுமென்று ஏழு அன்னதானக் குழுக்கள் சேர்ந்து முடிவெடுத்து, ஏழு கோப்புகளை டி.டி.பி. கடை நடத்தும் தென்றலின் தலையில் கட்டியிருந்தன. அவளுக்கு ஒரே கவலை. மருத்துவ முகாம் எங்கே என்பது தேடுகிறவர் கண்ணில் சட்டென்று பட வேண்டும். போன பௌர்ணமியில் அவள் அப்பா வேணு பாதையிலேயே மயங்கி விழுந்தார். முகாம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அரைமணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. அவர் பிழைத்ததே பெரும்பாடு.

வேலை என்னவோ சுலபம்தான். வரிக்கு முன்னால் # என்ற ஹேஷ் குறி ஒன்று போட்டால் பெரிய தலைப்பு. இரண்டு போட்டால் அதற்குள் அடங்கும் சின்னத் தலைப்பு. கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும்போது எல்லாத் தலைப்புகளுக்கும் ஒரு ஹேஷ் கூட்டி, ஒரு படி இறக்கினால் முடிந்தது. ஆனால் இந்தப் புண்ணியவான்கள், ஒற்றை ஹேஷ் போட்டால் எழுத்து பெரிதாகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற பழக்கத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களுக்கெல்லாம் போட்டுத் தள்ளியிருந்தார்கள். உள்ளடக்கப் பட்டியலில் அறுபத்தேழு பெரிய தலைப்புகள்! காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் இறக்கி, பார்த்துக்கொள்ளச் சொல்லி எல்லோருக்கும் அனுப்பினாள். அதுதான் வினை.

"ஏம்மா, என் பேரு ஏன் துக்குணூண்டா இருக்குது?" என்று செல்போனை நீட்டியபடி வந்தார் ஒரு குழுவின் தலைவர் ஆதிமூலம். இதே கேள்வியோடு வந்த ஆறாவது ஆள் அவர்.

"எல்லார் பேருக்கும் மூணு ஹேஷ்தாங்க ஐயா."

"மத்தவங்களுக்குப் போட்டுக்க. எனக்கு ஒண்ணு போடு."

தென்றலுக்குப் பொறுமை போய்விட்டது. தலைப்புகளை இறக்குவதற்கு முந்தைய கோப்பைத் தன் செல்போனில் திறந்து அவர் கையில் திணித்தாள். "பக்கத்துல ஒருத்தரு மயங்கி விழுந்துட்டாருன்னு வெச்சுக்குங்க. முகாம் எங்கன்னு இதுல கண்டுபிடிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை விரலால் தள்ளத் தொடங்கினார். வரவேற்புரை. தலைவர் ஆதிமூலம். முகம் மலர்ந்தது. நன்றியுரை. செயலாளர். மறுபடியும் தலைவர் ஆதிமூலம். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் முறை தன் பெயரைப் பார்த்தபோது அவர் சிரிக்கவில்லை.

"கெடைச்சுதுங்களா?"

"இரும்மா."

"நான் இருப்பேங்க. விழுந்தவரு இருக்கணுமே."

ஆதிமூலத்தின் விரல் நின்றது. "என் பேரே வேணாம், எடுத்துடு," என்றார்.