முகம் பொருந்தவில்லை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இன்றைக்குச் சொல்லப்போவது அடிதடிக் கதை. ரத்தம் வரும், எலும்பு முறியும். பயப்படுகிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுந்து ஓடுகிறவர்களுக்கு மட்டும் முடிவு கிடையாது, சொல்லிவிட்டேன்.

கட்டட அனுமதித் துறையில் ஒருத்தி எழுத்தராக இருந்தாள். அவள் புருஷன் அதே அலுவலகத்தின் வாசலில் புரோக்கர். எந்த வேலை கேட்டாலும் "அரை மணி நேரத்துல முடிச்சுத் தரேன்" என்பான். அதனாலேயே அவனுக்கு அரைமணி என்று பேர். கோப்புகள் காகிதமாக இருந்தவரை அவன் ராஜ்ஜியம்தான். அடியில் கிடந்தது மேலே வரும், மேலே இருந்தது காணாமல் போகும்.

பிறகு துறை முழுக்கக் கணினிக்கு மாறியது. விண்ணப்பம் எழுத்தருக்கு மட்டும் திறக்கும், அதுவும் வந்த வரிசையில். ஒப்புதல் கொடுக்க அவருடைய பாஸ்வேர்டு வேண்டும். அரைமணியின் பிழைப்பில் மண் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஒப்பந்தக்காரன், வடிகாலின் மேலேயே நாலு மாடி எழுப்ப அனுமதி கேட்டிருந்தான். பள்ளம் தோண்டியதற்கே பக்கத்து வீட்டுச் சுவர்கள் வாய் பிளந்துவிட்டன. அவள் அதை நேரில் பார்த்தவள். திருப்பி அனுப்பத்தான் இருந்தாள். ஒப்பந்தக்காரனின் ஆட்களோ, முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த அரைமணியின் சட்டையைப் பிடித்து, "நாளைக்குள்ள முடியலன்னா உன் காலு உன்கிட்ட இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை சமையலறையில் அவள் மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்வேர்ட சொல்லுடி."

"அந்தச் சுவருக்குப் பின்னால பிள்ளைங்க தூங்குதுங்க. சொல்ல மாட்டேங்க."

முதல் அறையில் டப்பா பறந்தது. இரண்டாவதில் உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. தலைமுடியைப் பிடித்து, அடுப்பு மேடையின் விளிம்பில் முகத்தை மோதினான். மறுபடி மோதினான். குக்கர் பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சொல்லிவிட்டாள். அதற்காக அவளைக் கோபிக்காதீர்கள், கண்ணுகளா. வாங்குகிற உடம்புக்குத்தான் தெரியும்.

துறை கொடுத்திருந்த மடிக்கணினியைத் திறந்து பாஸ்வேர்டைத் தட்டினான். 'முகத்தைக் காட்டவும்' என்று வந்தது. அந்த வாரம்தான் வந்த ஏற்பாடு.

"இதென்னடி புதுசா?" மோவாயைப் பிடித்து அவள் முகத்தைக் கேமராவுக்கு நேராகத் தூக்கினான்.

'முகம் பொருந்தவில்லை.'

தண்ணீர் ஊற்றிக் கழுவினான். ரத்தத்தைத் துடைத்துப் பவுடர் பூசினான். "கண்ணத் தொற! நல்லாத் தொற! கொஞ்சம் சிரிச்ச மாதிரி வை!" இடது கண் எங்கே திறக்கும்? அது பணியாரம்போல மூடிக்கிடந்தது. மறுபடியும் பொருந்தவில்லை. மூன்றாம் முறை, அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லிப் பூட்டிக்கொண்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க அடிச்ச அடியில என்னையே அதுக்கு அடையாளம் தெரியலங்க."

அதற்கும் ஒன்று விழுந்தது.

அலுவலகத்துக்கு அவனே இழுத்துக்கொண்டு போனான். பிரிவு அலுவலரிடம் குழைந்தான். "குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டா சார். புதுசா ஒரு போட்டோ எடுத்துப் பதிஞ்சிடுங்க. அரை மணி நேர வேலை."

அலுவலர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். நிலுவை எதுவும் இருக்கக்கூடாது. "உட்காரும்மா, பதிஞ்சிடலாம். வேலை நிக்கக்கூடாது பாரு." மற்ற எழுத்தர்களெல்லாம் திரைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள்.

"பதியாதீங்க சார்" என்றாள் அவள். "இது என் மூஞ்சி இல்ல. இவன் போட்ட மூஞ்சி. இதப் பதிஞ்சா, வீக்கம் வடிஞ்சதும் மறுபடி என்னைத் தெரியாதுன்னு சொல்லும். அப்புறம் இவன் தினமும் அளவு மாறாம அடிச்சு அனுப்பணும்."

இவன் என்றாளே, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இருக்கிற இடத்தை மறந்து ஓங்கி அறைந்தான். அவள் மேசைமேல் விழுந்தாள். அங்கே துறையின் பழைய இரும்பு முத்திரை கிடந்தது. கணினி வந்தபின் வேலையில்லாமல், காற்றில் பறக்கும் தாள்களுக்குப் பாரமாகக் கிடந்தது. அடுத்த அடிக்கு அவன் ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்தான். அவள் முத்திரையைத் தூக்கி அந்த மணிக்கட்டின்மேல் இறக்கினாள். காய்ந்த விறகு முறிகிற சத்தம். இன்னொரு முறை இறக்கினாள். வருஷக்கணக்காகக் குத்திப் பழகிய கை, குறி தப்பவில்லை.

அவன் போட்ட அலறலில் வரிசையில் நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்தது. "என் ஃபைல் எங்கடா, அரைமணி?" என்று ஒருவர் செருப்பைக் கழற்றினார். பிறகு எத்தனை செருப்பு என்று அவனுக்கே தெரியாது. வாய் நிறைய ரத்தத்தோடு கிடந்தவனைக் காவலாளிதான் வெளியே இழுத்துப் போட்டார்.

அவள் முத்திரையைக் கீழே வைக்கவில்லை. "சார், போலீஸ் வந்தா நான் எங்க வழுக்கி விழுந்தேன்னு சொல்லுவீங்க?"

அலுவலர் இந்த முறை மின்விசிறியைப் பார்க்கவில்லை. "கண்ணால பார்த்தத சொல்றேம்மா" என்றார். சொல்லவும் செய்தார்.

வீக்கம் வடிந்தபின், அலுவலகத்தில் பூட்டை எடுத்துவிட, அவள் கேமராவின் முன் உட்கார்ந்தாள். உதட்டில் தழும்பு இருந்தது. கணினி கொஞ்சம் யோசித்தது, பிறகு உள்ளே விட்டது. வரிசையில் முதலில் நின்றது அந்த நாலு மாடி. அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

உங்கள் வீட்டுப் பெண்கள் நிமிர்ந்த முகத்தோடு படி தாண்டட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டு ஆண்களின் கை சோறு பரிமாறவும் கண்ணீர் துடைக்கவும் நீளட்டும். நீங்கள் தூங்குகிற பக்கத்துச் சுவர் விரிசல் இல்லாமல் நூறு வருஷம் நிற்கட்டும்.