முதல் பலகைக்கு வைத்த சந்தனம்

எங்கள் ஊர் தங்கா பத்துவிலிருந்து தினமும் வேன் ஏறிப் போய், பக்கத்து மாநில மின்நிலையத்தில் பதினான்கு வருடம் நிலக்கரி பெல்ட்டுக்கு அடியில் பெருக்கினேன். தும்மினால் கைக்குட்டை கறுத்துப் போகும். நிலையத்தை மூடப் போகிறோம், இனி சூரிய மின்சாரம்தான் என்று எங்களில் பதினொரு பேரை பாச்சாங்கில் மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முடிக்கிற எல்லாருக்கும் நியாலாஸ் பக்கம் சோலார் பண்ணையில் வேலை என்றார்கள். எல்லாருக்கும்! இந்தக் காதால்தான் கேட்டேன்.

பரீட்சையன்று என் வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மீட்டர் மூன்றில் ஒரு பங்கு குறைத்தே காட்டியது. பயிற்சியாளர் திலீபன், என் தம்பி வயசுக்காரன், வயரைப் பிடுங்கினான், மாட்டினான், தலையைச் சொறிந்தான்.

"ஃபெயில்தான், உஷாராணி அக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏணியை இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தேன். சோலார் பலகையின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம்! முந்தின நாள் ஆயுதபூஜை. மின்நிலையத்தில் வரிசையின் முதல் மோட்டாருக்கு வைத்தால் எல்லாவற்றுக்கும் வைத்த மாதிரி. வருடா வருடம் வைக்கிறவர், எங்களோடு பயிற்சிக்கு வந்திருக்கிற வெல்டர் கந்தசாமி அண்ணன். இங்கே முதலாவது என் பலகை. வெயில் விழுகிற இடத்தை மறைத்தால் மின்சாரம் எங்கிருந்து வரும்? மூன்று மாதம் மனுஷன் என்னத்தைப் படித்தாரோ!

சட்டைக் கையால் துடைத்தேன். மீட்டர் சடசடவென்று ஏறியது.

"பாத்தியா? இதக் கண்டுபிடிக்கத் தெரியல, எனக்கு ஃபெயில் போட வந்துட்ட!"

திலீபன் முகம் சுண்டியது. "யாரு வச்சது? பேரு சொல்லுங்க. அவங்க அவுட். உங்களுக்குப் பாஸ் போடுறேன்."

கந்தசாமி அண்ணன் காலையிலேயே பாஸாகிவிட்டார். வயது ஐம்பத்து மூன்று. இதை விட்டால் அவரை யார் வேலைக்கு எடுப்பார்கள்? அவரோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனசுக்குள் அவரைத் தாறுமாறாகத் திட்டினேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

"சொல்லலன்னா நீங்கதான் வீட்டுக்குப் போவணும்லா."

"போறேன்டா, போ!"

"நான்தான் வச்சேன் சார்," என்றார் கந்தசாமி அண்ணன். "எல்லாருக்கும் நல்லபடியா வரட்டும்னு."

திலீபன் உடனே பட்டியலில் அவர் பெயரை அடித்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"தொடச்சாச்சு, சரியாப் போச்சு. இதுக்குப் போயி ஆள வெட்டுவியா?"

குரலைத் தாழ்த்தினான். "பத்து வேலதான் அக்கா இருக்கு. ஒருத்தரக் கழிக்கச் சொல்லிட்டாங்க. நான் என்னா செய்ய?"

"எப்பச் சொன்னாங்க?"

"மொத மாசமே."

அடப்பாவி! அப்படியென்றால் மூன்று மாதமாக எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, யாரைக் கழிக்கலாம் என்றுதான் பாடம் நடத்தியிருக்கிறான்.

நான் பாஸ், வேலை எனக்கு என்று எழுதிய தாளைக் கையெழுத்துக்காக என் முன்னால் தள்ளினான். அதைச் சுக்குநூறாகக் கிழித்து அவன் மூஞ்சியில் எறிய வேண்டும் போலிருந்தது.

"போட்டுடும்மா," என்றார் கந்தசாமி அண்ணன். "ஒனக்கு ரெண்டு புள்ளைங்க."

கையெழுத்துப் போட்டேன். தலையைத் தூக்கி அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.