நெறி கட்டிய கழுத்து

அகராதி அலுவலகத்தில் பதிப்பாசிரியருக்குக் கத்தரி என்று பெயர். பக்கம் மிச்சமாகும் என்றால் சொந்த மாமனாரையே பாதியாக வெட்டிவிடுவார். இருபத்திரண்டாயிரம் சொற்களுக்கு அட்டை அட்டையாகப் பொருள் எழுதியவர் எதிர்மேசை அக்கா. முதல் பக்கத்திலோ, 'தொகுத்தவர்' என்று கத்தரியின் பெயர் மட்டும்! அந்தப் பக்கம் அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டும்.

காலையில் பிழை பார்க்க, 'நெறி' என்ற சொல்லின் அச்சு மெய்ப்பு வந்தது.

'1. ஒழுக்கக் கோட்பாடு. 2. புண்ணால் உண்டாகும் வீக்கம்: அடுத்தவர் உழைப்பைத் திருடியவருக்குக் கழுத்தில் நெறி கட்டியது.'

"எந்த மகராசன் எழுதின உதாரணம் இது?" என்று பாய்ந்தார்.

"உங்க கையெழுத்துலதானே சார் வந்துச்சு!" என்றார் அச்சுக்கோப்பவர்.

சிவப்பு மையால் அடித்தார். மறுமெய்ப்பில் அதே வரி, 'இடப்பக்கக் கழுத்தில்' என்ற திருத்தத்தோடு வந்தது. தொட்டுப் பார்த்தார். பட்டாணி அளவில் ஒரு கட்டி. நண்பகலில் எலுமிச்சை. மூன்று மணிக்குச் சட்டையின் மேல்பொத்தான் தெறித்து, நான்கு மேசை தாண்டி மேலாளரின் தேநீரில் விழுந்தது. கட்டிக்குள்ளிருந்து யாரோ அட்டைகளைப் புரட்டும் சத்தம் கேட்டது. சர்... சர்...

"நெறி கட்டினா எங்கேயோ புண் இருக்குன்னு அர்த்தம், தம்பி," என்றார் அக்கா, தலை நிமிராமலே.

"உடம்புல ஒரு கீறல்கூட இல்லக்கா."

"உடம்புலன்னு நான் சொன்னேனா?"

ஐந்து மணிக்கு முதல் பக்கம் கையெழுத்துக்கு வந்தது. அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயருக்குத் தாராளமாக இடம் இருந்தது. பேனா அங்கே போய் நின்றது. அட்டைச் சத்தம் காதைப் பிளந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இருந்தது இருந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

சத்தம் நின்றது. கழுத்து வழவழவென்று ஆகிவிட்டது! துள்ளாத குறையாக வீட்டுக்கு ஓடினார்.

நடந்ததைக் கேட்ட மனைவி கழுத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் ஏனோ வெளுத்தது.

"என்னங்க, உங்ககிட்ட நெறியே இல்லையே!"

சிரித்தபடி பையிலிருந்த 'நெறி' மெய்ப்பை எடுத்துக் காட்டினார். இரண்டாம் பொருள் அப்படியே இருந்தது; ஒன்று என்ற எண்ணுக்கு எதிரே வெறும் வெள்ளை. அங்கே என்ன இருந்தது என்று விடிய விடிய யோசித்தார். நினைவுக்கு வரவே இல்லை.