கவிநிலாவுக்கு மட்டும் லீவு

ஜினமதி டீச்சரை அந்த வாரம் ஒரு இடத்துல உட்கார வைக்க யாராலயும் முடியல. நாற்காலியில உட்காருவாங்க, அடுத்த நிமிஷமே எழுந்து கழிவறைப் பக்கம் போய்க் கதவுத் தாழ்ப்பாள் சரியா விழுதான்னு போட்டுப் பார்ப்பாங்க. காலையில விழுந்த தாழ்ப்பாள் மதியம் விழாம எங்க போகும்? அதைச் சொன்னா கேக்கணுமே. திரும்பி வந்ததும் குடிதண்ணித் தொட்டியில எட்டிப் பார்க்கணும், கரும்பலகையைத் தொட்டுத் தூசி பார்க்கணும், சத்துணவுக் கூடத்துல நின்னு சமையல் பண்ற அம்மாவை நாலு கேள்வி கேட்கணும். "டீச்சர், உங்களைப் பார்த்தா எனக்கே படபடன்னு வருது"ன்னு அந்தம்மா வாய் விட்டே சொல்லிட்டாங்க.

காரணம் இல்லாம இல்ல. ஈச்சங்குட்டை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளிக்கு வர்ற புதன்கிழமை மதிப்பீடு. அதிகாரி ஒருத்தர் வந்து, ஏழாவது பிள்ளைங்களைப் படிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, பள்ளிக்கூடம் எந்தத் தரத்துல இருக்குதுன்னு டேப்லட்டுல ஏத்திட்டுப் போவார். போன ரெண்டு வருஷமும் கடைசித் தரம். இந்தத் தடவையும் அதே வந்தா ஆறு, ஏழு, எட்டு மூணு வகுப்பையும் பிரிச்சு, பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்குற உயர்நிலைப்பள்ளியோட சேர்த்துடுவாங்கன்னு தலைமையாசிரியர் கூட்டத்துல பேச்சு. சேர்த்தா இன்னா கெட்டுப்போச்சுன்னு கேக்கலாம். லாரி பறக்குற ரோட்டைத் தாண்டி மூணு கிலோமீட்டர் எந்தப் பொண்ணை வீட்டுல அனுப்புவாங்க? பாதிப் பேரு அஞ்சாவதோட நின்னு பூ கட்ட உட்கார்ந்துடுவாங்க. டீச்சர் இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையா வந்ததே ஜூன் மாசம்தான். வந்த வருஷமே பள்ளிக்கூடம் பாதியாச்சுன்னா அந்தப் பேரை எப்படித் தாங்குறது?

தேதியை நிச்சயம் பண்ணதும் அவங்கதான். "புதனா, வியாழனா? உங்களுக்கு எது சௌகரியம் மேடம்?"னு போன் வந்தப்போ சுவர்ல தொங்குன நாள்காட்டியைத் தள்ளிப் பார்த்தாங்க. புதன்கிழமைத் தாள்ல பௌர்ணமின்னு போட்டிருந்துச்சு. ஈச்சங்குட்டை கிரிவலப் பாதையை ஒட்டின ஊரு. பௌர்ணமி ராத்திரி ஊரே பாதையிலதான் கிடக்கும். சுண்டல், மோர், இளநீ, கற்பூரம்னு வீட்டுக்கு வீடு ஒரு கடை, கடைக்கு ரெண்டு பிள்ளைங்க. மறுநாள் ஒண்ணும் எழுந்து வராது. டீச்சர் வந்தப்புறம் ஒரு பௌர்ணமி சனிக்கிழமை போச்சு, இன்னொண்ணு வந்தப்போ அவங்க பயிற்சிக்குப் போயிருந்தாங்க. இருந்தாலும் இந்த விஷயம் கேள்விப்படாம இருப்பாங்களா? புதன் ராத்திரி பௌர்ணமின்னா வியாழக்கிழமை வகுப்பு காலி, அதனால புதன்தான் சரின்னு முடிவு பண்ணி, "புதன்கிழமையே வாங்க சார்"னு சொல்லிட்டாங்க.

பக்கத்துல நோட்டு திருத்திக்கிட்டிருந்த ஏழாம் வகுப்பு ஆசிரியர் அருள்ராஜ் தலையைத் தூக்கி, "டீச்சர், திதி எத்தினி மணிக்கு ஆரம்பிக்குதுன்னு ஒரு தடவை…"ன்னு இழுத்தார்.

"அருள்ராஜ் சார், நாங்க நைனார் வீடு, ஜைனக் குடும்பம். அஷ்டமி, சதுர்த்தசின்னா ஒருவேளைச் சாப்பாடு. சின்ன வயசுலேருந்து திதி பார்த்துத்தான் அடுப்பே பத்த வெப்போம். எனக்கே திதி சொல்லித் தர்றீங்களா?"

அருள்ராஜ் திரும்ப நோட்டைத் திருத்த ஆரம்பிச்சுட்டார்.

திங்கக்கிழமை ஏழாவதை வரிசையா நிக்க வெச்சு ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொன்னாங்க டீச்சர். இருபத்திரெண்டு பேர்ல பதினெட்டு பேரு நல்லாவே வாசிச்சாங்க. மூணு பேரு திக்கித் திணறிக் கரை சேர்ந்தாங்க. கடைசியா கவிநிலா. ஒல்லியா, உசரமா, எப்பவும் சிரிச்ச முகமா இருக்குற பொண்ணு. அவ ஒவ்வொரு எழுத்தா கூட்டி ஒரு வரி முடிக்கிறதுக்குள்ள வெளியில ரெண்டு பஸ்ஸு போயிடுச்சு. ரெண்டாவது வரியில நின்னவ நின்னவதான். டீச்சர் முகத்தைப் பார்த்து, "வரல டீச்சர்"னா.

மதிப்பீடு நடக்குற அன்னிக்கு வந்திருக்குற பிள்ளைங்க எல்லாரையும் வாசிக்கச் சொல்லி, அதுலேருந்துதான் தரம் போடுவாங்க. வராத பிள்ளை கணக்குலயே வராது. இந்த ஒருத்தி மட்டும் அன்னிக்கு இல்லைன்னா? ச்சீ, இன்னா யோசனை இதுன்னு ஒரு மனசு காறித் துப்புச்சு. இவ ஒருத்திக்காகப் பாக்கி அத்தினி பேரையும் பைபாஸைத் தாண்ட விடுவியான்னு இன்னொரு மனசு கேட்டுச்சு. ரெண்டாவது மனசுக்குக் குரல் ஜாஸ்தி.

சாயங்காலம் ஸ்கூட்டியை நேரா கவிநிலா வீட்டுக்கு விட்டாங்க. அவ அம்மா தங்கம்மாள் வாசல்ல கொண்டைக்கடலை புடைச்சுக்கிட்டிருந்தா. வீட்டுக்காரர் பெங்களூருல கட்டட வேலை, இங்க இவளும் பொண்ணும்தான்.

"வாங்க டீச்சர், இன்னா இவ்ளோ தூரம்? எதுனா பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. புதன்கிழமை ஒரு நாள் கவிநிலா வீட்டுலயே இருக்கட்டும். பொண்ணு கொஞ்சம் சோர்வா தெரியுது. ரெஸ்ட் எடுக்கட்டும்."

"சோர்வா? நாள் பூரா குதிச்சுக்கிட்டு கிடக்குது!"ன்னு தங்கம்மாள் சிரிச்சா. "சரி, லீவு குடுக்குறீங்க, வேணாம்னா சொல்லப் போறேன்? பௌர்ணமி நேரம், எங்களுக்கும் சௌகரியமாச்சு. மத்த பிள்ளைங்களுக்கும் லீவா டீச்சர்?"

"இல்ல, மத்தவங்களுக்கு இல்ல. அன்னிக்கு ஆபீசர் வர்றாரு, அதான்…"ன்னு ஆரம்பிச்ச டீச்சர் பாதியில நிறுத்திட்டாங்க. உள்ளே தேங்காய் துருவுற சத்தம் நின்னுபோச்சு. கதவு ஓரமா கவிநிலா நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. அந்த முகத்துல சிரிப்பு இல்ல. டீச்சர் அவளை நிமிர்ந்து பார்க்காமலே ஸ்கூட்டியைத் திருப்புனாங்க. எட்டாவது முடிய இந்தப் பிள்ளைங்க இங்கயே படிக்கணும், அதுக்குத்தான், வேற எதுக்கும் இல்லைன்னு டவுன் வர்ற வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கிட்டே வந்தாங்க.

செவ்வாய்க்கிழமை பூரா டீச்சருக்கு டவுன் கல்வி ஆபீஸ்லயே போச்சு, பள்ளிக்கூடப் பக்கமே வரல. புதன்கிழமை காலையில எட்டு மணிக்கே கிளம்புனாங்க. கிரிவலப் பாதையில திரும்புனதும் பகீர்னு ஆச்சு. ரெண்டு ஓரமும் பேப்பர் கப்பு, வாழை இலை, தண்ணி பாட்டில். துப்புரவு வண்டி அள்ளிக்கிட்டிருக்குது. டீச்சர் ஒரு டீக்கடையில வண்டியை நிறுத்தி, "இன்னாங்க இது? பௌர்ணமி இன்னிக்கு ராத்திரிதானே?"ன்னு கேட்டாங்க.

"நல்லா கேட்டீங்க போங்க! திதி நேத்து சாயங்காலமே பொறந்துடுச்சே. இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது. ஜனம் பூரா நேத்து ராத்திரியே சுத்திட்டுப் போயிடுச்சு."

அப்பதான் டீச்சருக்கு உறைச்சுது. அவங்க வீட்டுல சூரியன் உதிக்கும்போது எந்தத் திதி இருக்குதோ அதுதான் அன்னிக்குத் திதி. நாள்காட்டியிலயும் அப்படித்தான் போட்டிருக்கும். மலை சுத்துறவங்களுக்கு அப்படி இல்ல, ராத்திரியில நிலா இருக்கணும், திதியும் இருக்கணும். அருள்ராஜ் சொல்ல வந்தது இதைத்தான். வாயை அடைச்சது யாரு? நானேதான்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க.

பள்ளிக்கூடத்துல மணி ஒன்பது ஆச்சு, ஒன்பதே கால் ஆச்சு. ஏழாவதுல மூணே மூணு பேரு. அதுல ஒருத்தன் மேசை மேல கவுந்து குறட்டை விடுறான். அதிகாரி சக்கரபாணிக்குப் போன் போட்டு, "சார், நாளைக்கு வெச்சுக்கலாமா?"ன்னு கெஞ்சுனாங்க. "அவலூர்பேட்டை ரோட்டுல வந்துக்கிட்டிருக்கேன் மேடம். தேதி நீங்க குடுத்ததுதானே?"ன்னு அவர் வெச்சுட்டார். அருள்ராஜ் பைக்கை எடுத்துக்கிட்டுத் தெருவுல பிள்ளைங்களைத் தேடப் போனார். டீச்சர் கேட்டுக்கும் வகுப்புக்குமா நடந்தாங்க, நடந்தாங்க, நடந்துக்கிட்டே இருந்தாங்க. பத்துப் பிள்ளைங்களாவது இல்லைன்னா மதிப்பீடே எடுக்க மாட்டாங்க, கடைசித் தரம்னு நேரா எழுதிட்டுப் போயிடுவாங்க.

ஒன்பதே முக்காலுக்குத் தெரு முனையில சத்தம் கேட்டுச்சு. அருள்ராஜ் பைக்கை உருட்டிக்கிட்டு வர்றார், அவருக்கு முன்னாடி பதினேழு பிள்ளைங்க. தலை வாராம, சட்டைப் பித்தானை மாத்திப் போட்டுக்கிட்டு, கண்ணைக் கசக்கிக்கிட்டு வருதுங்க. பின்னாடி ஒரு பொண்ணு பச்சைப் பாவாடையில, அதட்டி, தள்ளி, தூங்கி விழுறவளைத் தோளைப் பிடிச்சு நடத்தி ஓட்டிக்கிட்டு வருது.

"நான் போறதுக்குள்ளயே பாதிப் பேரைக் கிளப்பிட்டா டீச்சர்"னார் அருள்ராஜ். "வீடு வீடா போய்த் தண்ணி தெளிச்சு எழுப்பியிருக்கா. ராத்திரி பூரா சுண்டல் வித்துட்டு இன்னும் இவ கண்ணை மூடல."

கவிநிலாதான். பிள்ளைங்களை ஒண்ணொண்ணா கேட்டுக்குள்ள தள்ளுனா. தான் மட்டும் வெளியிலயே நின்னுக்கிட்டா. "எல்லாரும் வந்துட்டாங்க டீச்சர். சுருதி வீட்டுல மட்டும் கதவு திறக்கல"ன்னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தா. டீச்சர் கூப்பிட வாயெடுத்தாங்க, அதுக்குள்ள சக்கரபாணி வண்டி கேட்டுக்கு எதிர்ல வந்து நின்னுச்சு.

ஹெல்மெட்டைக் கழட்டுனவர் முதல்ல கேட்டதே அவளைத்தான். "ஏம்மா, ஸ்கூலுக்குப் பிள்ளைங்களை விட்டுட்டு நீ எங்க போற? எந்த கிளாஸு?"

கவிநிலா ஒரு நொடி டீச்சரைப் பார்த்தா. அப்புறம் அதிகாரியைப் பார்த்து, "நான் இந்த ஸ்கூல் இல்ல சார்"னா.

டீச்சர் உசிரே ஆடிப்போச்சு. இந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்லவே வராது. சொல்லுறப்போ உதடு நடுங்குறது இங்கேருந்தே தெரியுது. பள்ளிக்கூடத்துக்காக, பள்ளிக்கூடம் தன்னோடது இல்லைன்னு சொல்லிட்டு நிக்குது. அதைச் சொல்ல வெச்ச பாவி நான்னு டீச்சருக்கு அவமானம் பிடுங்கித் தின்னுச்சு. உள்ளே இருபது பிள்ளைங்க இருக்குது, மதிப்பீட்டுக்கு அது போதும். கம்முனு இருந்தா காரியம் முடிஞ்சுது. நல்லா வாசிக்கிறவங்கதான் ஜாஸ்தி, தரம் ஒரு படி ஏறினாலும் ஏறும்.

"எங்க ஸ்கூல் பொண்ணுதான் சார்"னு சொன்னாங்க டீச்சர். "ஏழாவது. பேரு கவிநிலா. படிக்க வரலைன்னு நான்தான் இன்னிக்கு வர வேணாம்னு சொல்லி வெச்சேன்."

சக்கரபாணி ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "மேடம், இவளைச் சேர்த்தா உங்களுக்குத்தான் கம்மியாகும். யோசிச்சுக்கோங்க."

"சேருங்க சார்."

"வேணாம் டீச்சர்!"னு கவிநிலா அலறிட்டா. "எனக்கு வராது டீச்சர். நம்ம ஸ்கூலை எடுத்துடுவாங்க."

டீச்சர் தெருவுல இறங்கிப் போய் அவ கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிக்கிட்டு வந்தாங்க. கை சில்லுன்னு இருந்துச்சு. தண்ணி தெளிச்ச ஈரம் இன்னும் காயல.

மதிப்பீடு ரெண்டு மணி நேரம் நடந்துச்சு. நல்லா வாசிக்கிற பிள்ளைங்களே தூக்கக் கலக்கத்துல வரி விட்டு வரி தாவுச்சுங்க. ஒருத்தன் கணக்குத் தாள் மேலேயே தூங்கிட்டான். கவிநிலா முறை வந்தப்போ வகுப்பு மொத்தமும் முழிச்சுக்கிட்டு அவளையே பார்த்துச்சு. முதல் வரிக்கு அஞ்சு நிமிஷம். ரெண்டாவது வரியில நின்னா, திரும்ப ஆரம்பிச்சா, திரும்ப நின்னா. நெத்தியில வேர்வை ஓடுது. ஆனா எழுந்து போகல. நாலு வரியையும் முடிச்சுட்டுத்தான் புத்தகத்தை மூடுனா. சக்கரபாணி நேரம் ஆச்சுன்னு ஒரு தடவைகூடச் சொல்லல. அவர் நல்ல மனுஷன்தான், ஆனா டேப்லட்டுக்கு நல்ல மனுஷன் கெட்ட மனுஷன் எல்லாம் தெரியாது.

முடிச்சுட்டு வராந்தாவுல வெச்சு டீச்சர்கிட்ட கையெழுத்து வாங்குனார். "மறைக்க விரும்பல மேடம். இந்தத் தடவையும் அதே தரம்தான் வருது. இவ இல்லாம இருந்தாலும் பெருசா மாறியிருக்காது. பிள்ளைங்க தூங்குது. நீங்க வேற தேதி குடுத்திருக்கலாம்"னு சொல்லிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்.

தூணுக்கு அந்தப் பக்கம் கவிநிலா நின்னுக்கிட்டிருந்ததை டீச்சர் அப்புறம்தான் பார்த்தாங்க. எல்லாத்தையும் கேட்டிருக்கா.

"என்னாலதானே டீச்சர்?"

"இல்ல கண்ணு. என்னால."

கவிநிலா அதை நம்புனாளோ இல்லையோ, தெரியல. "அப்போ எட்டாவது நாங்க எங்க டீச்சர் படிக்கிறது?"ன்னு கேட்டா.

டீச்சர் அவ கையைப் பிடிச்சு வகுப்புக்குள்ள கூட்டிக்கிட்டுப் போய், அந்த நாலு வரியைத் திரும்பத் திறந்து அவ முன்னாடி வெச்சாங்க.