மாலை போட்ட ஸ்கேன் படம்

மலையாள நாட்டுக் கிழக்கேகோட்டையில் உமாசங்கரின் பாத்திரக்கடை ஷட்டர் ஏறியதும் முதல் வேலை சாமி படங்களுக்குச் சாம்பிராணி காட்டுவது. பிள்ளையார், முருகன், லட்சுமி, அடுத்தது ஆர்ஷாவின் மூளை. ஆமாம், மூளையேதான். மகளுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பின்னால் ஒரு குட்டி விளக்கையும் எரியவிட்டு, சாமிகளின் வரிசையில் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமையானால் அதற்கும் பிச்சிப்பூச் சரம் உண்டு. குக்கர் வாங்க வந்த பாதிப்பேர் அது எந்த ஊர் சாமி என்று தெரியாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

"நம்ம மகளுக்க தலையாக்கும். நார்மல்! டாக்டர் வாயால சொன்னது" என்று கேட்காதவர்களுக்கும் சொல்வார். அவர் வாய் லேசுப்பட்டதல்ல. தோசைக்கல் கேட்டு வந்த ஆள், அந்தப் பேச்சில் மயங்கி, நூறு பேருக்குச் சோறு வடிக்கிற அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

அந்த வாய்க்குப் பிறந்த ஆர்ஷாவுக்கு மூன்று வயது. 'அம்மா' என்ற ஒரு சொல்கூட வரவில்லை. தட்டு விழுந்தால் திரும்புவாள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டாள். பாத்திர மூடி ஒன்றைத் தரையில் சுழலவிட்டு, அது நிற்க நிற்க மறுபடியும் சுழற்றிக்கொண்டே இருப்பாள்.

போன வருஷம் டாக்டர் சிஜி படத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் நார்மலாணு, பக்ஷே..." என்று தொடங்கினார். 'நார்மல்' என்றதும் உமாசங்கர் நாற்காலியிலிருந்து எகிறிய எகிறலில் மின்விசிறி தப்பித்ததே பெரிய காரியம். டாக்டரின் வாய் மூடுவதற்குள் அவர் வராந்தாவில் வாட்ச்மேனுக்கு லட்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் 'பக்ஷே' என்கிற 'ஆனால்' மட்டும் அறைக்குள்ளேயே தங்கிவிட்டது. குழந்தையின் வளர்ச்சி பிந்தியிருக்கிறது, பேச்சுப் பயிற்சியை உடனே தொடங்க வேண்டும் என்றெல்லாம் டாக்டர் சொன்னதை மனைவி ஸ்ரீலட்சுமி ஒருத்திதான் உட்கார்ந்து கேட்டாள்.

அவளும் சில வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கு அலைந்தாள். உமாசங்கர் நிறுத்திவிட்டார். "படமே நார்மலு. பின்ன எதுக்குட்டி பயிற்சி? நாலுபேரு பாத்தா பிள்ளைக்கு என்னமோன்னு நெனைக்கமாட்டாவளா?"

அவருடைய அக்கா பிச்சம்மாள் வந்தாள். நோயையும் மருந்தையும் ஒரே மூச்சில் கண்டுபிடித்தாள். "வீட்டுல தமிழு, தெருவுல மலையாளம். பிள்ள எதைப் பேசன்னு முழிக்கி. ஒண்ண நிறுத்துலே, கிளி மாதிரி பேசும்."

தெருவை மாற்ற முடியாது என்று, அன்றிலிருந்து வீட்டிலும் மலையாளம் மட்டும் என உமாசங்கர் சட்டம் போட்டார். திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஸ்ரீலட்சுமிக்கு, மீன்காரியிடம் விலை கேட்கிற அளவுக்குத்தான் மலையாளம் தெரியும். அதை வைத்து ஒரு பிள்ளையை எப்படிக் கொஞ்சுவது? தாலாட்டு நின்றது. குளிப்பாட்டும்போது சொல்கிற 'என் சீனிக்கட்டி'யும் நின்றது. பேசாத பிள்ளையோடு பேசாத தாயுமாக, வருஷம் ஒன்று போயே போய்விட்டது.

இந்த வருஷம் நர்சரியில் சேர்க்கப் போனார்கள். டீச்சர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, முதலில் டாக்டரிடம் காட்டச் சொன்னார். உமாசங்கர் விடுவாரா? கடையிலிருந்து சட்டத்தைக் கழற்றி, சந்தனமும் சருகுப்பூவுமாக டாக்டர் சிஜியின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தார்.

டாக்டர் படத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார். "வீடு கட்டினது சரி, சுவரில விரிசல் இல்ல. இந்தப் படம் அவ்வளவுதான் சொல்லும் சேட்டா. உள்ள விளக்கு எரியுதான்னு படத்தில தெரியாது. ஞான் அன்னைக்கே சொன்னதல்லே? பயிற்சி எதுக்கு நிறுத்தியது?"

"ரெண்டு பாஷை குழப்பம்னு அக்கா..."

"ரெண்டு பாஷை கேட்டு ஒரு குட்டிக்கும் பேச்சு போகாது. அம்மா எதில கொஞ்சுவாளோ, அதில கொஞ்சணும். அதையும் நிறுத்தியோ?"

ஊரையே பேசி விற்றவர் சட்டத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். "இனி சரியாயிருமில்லா டாக்டர்?"

"முன்னேறும். எவ்வளவுன்னு ஞான் வாக்கு தரமாட்டேன். பக்ஷே, இந்த வயசில ஒரு வருஷம் வீணாப் போயி."

இந்த முறை அந்தப் 'பக்ஷே' காதில் விழுந்தது. வீடு வரை கூடவே வந்தது.

பயிற்சியில் முதல் பாடம், அப்பா தரையில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். உமாசங்கர் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். 'ஐ.எஸ்.ஐ. மார்க்கு, அஞ்சு வருஷம் கியாரண்டி' என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஆர்ஷா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மூடி சுத்துதா? என் சீனிக்கட்டி சுத்துதாளா?" குழந்தையின் விரல் ஒரு கணம் நின்றது. கண் தாயின் முகம் வரை வந்து, மறுபடி மூடிக்குப் போய்விட்டது. தகப்பன் பக்கம் வரவே இல்லை.

"அந்தச் சட்டத்த என்ன செய்யட்டும் லெச்சுமி?" என்று கேட்டார் உமாசங்கர்.

"கடையிலயே மாட்டுங்க. படத்த எடுத்துட்டு, நான் சொல்லுதத எழுதி வையுங்க. ஸ்கேன்ல குறையில்லைன்னா, பிள்ளைக்கு உதவி வேண்டாம்னு அர்த்தமில்ல. டாக்டர் சொல்லுதத கடைசிவரைக்கும் கேக்கணும், பயிற்சிய ஒருநாளும் நிறுத்தக்கூடாது." அவள் மூடியை எடுத்து மகளுக்காகச் சுழலவிட்டாள். "ஒரு வருஷம் படத்தக் கும்பிட்டீயளே, ஒருநாள் உக்காந்து பிள்ளையப் பாத்தீயளா? எழுதி மாட்டுங்க. சந்தனம் நான் வைக்கேன்."